கடிகாரம் யார் வீட்டுல இருக்கு? நகரம் கட்டுற கேம்களும் 'சில நாள் மட்டும்' ஈவென்ட்டுகளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதையும், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்கு நிறுத்தின இடங்களையும் நீக்கியிருக்கோம். மத்தபடி பேசினது அப்படியே.)

இன்னைக்கு எபிசோடு ஒரு லைட்ஹவுஸ்ல ஆரம்பிக்குது.

அப்போ நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ஹாஸ்டல் ரூம்ல மூணு பேர். ராத்திரி மூணு மணிக்கு என் போன்ல அலாரம் அடிக்கும். முதல் வாரம் நான் கேட் தேர்வுக்குப் படிக்கிறேன்னு நெனச்சு ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் மரியாதையா இருந்தாங்க. ரெண்டாவது வாரம் உண்மை தெரிஞ்சதும் தலையணை பறந்து வந்துச்சு.

விஷயம் என்னன்னா, போன்ல ஒரு நகரம் கட்டுற கேம். பேர் வேண்டாம், விடுங்க. அதுல ரெண்டு வார ஈவென்ட். ஊர்ல இருக்கிற ஆளுங்களை வேலைக்கு அனுப்பணும், 4 மணி நேரம் கழிச்சு வந்து புள்ளிகளை வசூல் பண்ணணும், திரும்ப அனுப்பணும். கடைசிப் பரிசு ஒரு லைட்ஹவுஸ். ராத்திரியானா விளக்கு சுத்தும். அதைத் தவிர அது எதுவும் பண்ணாது. ஆனா என் ஊர்ல கடற்கரை இருந்துச்சு, லைட்ஹவுஸ் இல்ல. அந்த ஒரு குறை கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

ஈவென்ட் கடைசி நாள் மதியம் 1:30 மணிக்கு முடியுது. அதே 1:30க்கு எனக்கு லேப் தேர்வு. ஒரு மணிக்குப் பார்த்தா புள்ளி கொஞ்சம் குறையுது. மெஸ்ஸுக்குக் கட்ட வெச்சிருந்த காசுல 400 ரூபாய்க்கு வைரம் வாங்கி, குறைஞ்சதை நிரப்பி, லைட்ஹவுஸை ஊர்ல வெச்சுட்டு லேப்புக்கு ஓடினேன். ரெண்டு மாசம் கழிச்சு அதே லைட்ஹவுஸ், தினமும் வர்ற இலவசப் பெட்டியில சும்மா வந்துச்சு.

எனக்கு வந்த கோவம் 400 ரூபாய்க்காக இல்ல. "இனிமே கிடைக்காது"ன்னு திரையில போட்டிருந்ததை நான் நம்பினேன் பாருங்க, அதுக்காக. அந்தக் கோவம் ஆறி பல வருஷம் ஆச்சு. ஆனா ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்துச்சு: ஊர் கட்டுற கேமுக்கு அவசரம் எங்கிருந்து வந்தது? ஏன்னா இந்த வகை கேமோட பூர்வீகத்தைப் பார்த்தா, அவசரமே இல்லாத வீட்டுல பிறந்த பிள்ளை இது.

1984க்குப் போவோம். வில் ரைட்னு ஒரு அமெரிக்க புரோகிராமர், 'ரெய்டு ஆன் பங்கலிங் பே'ன்னு ஒரு ஹெலிகாப்டர் கேம் எழுதினார். தீவு தீவா பறந்து தொழிற்சாலைகள் மேல குண்டு போடணும். அந்தத் தீவுகளை வரையறதுக்கு அவர் தனக்குன்னு ஒரு கருவி எழுதி வெச்சிருந்தார். கேம் முடிஞ்ச பிறகும் அந்தக் கருவியை விட அவருக்கு மனசு வரல. குண்டு போடுறதை விட ரோடு போடுறது ஜாலியா இருக்கேன்னு தோணுச்சு. ஜே ஃபாரஸ்டர் 1969ல எழுதின 'அர்பன் டைனமிக்ஸ்' புத்தகத்தைப் படிச்சார். ஒரு நகரத்தை சமன்பாடுகளா எழுதிப் பார்க்கிற புத்தகம் அது. அதுலேருந்து ஒரு முதல் வடிவம் தயாராச்சு.

ஆனா வெளியிட ஆள் இல்ல. "ஜெயிக்கவும் முடியாது, தோக்கவும் முடியாது, இது என்ன கேம்?" இதுதான் பிரச்சினை. கடைசியில ஜெஃப் பிரவுன் என்பவரோட சேர்ந்து 1987ல மேக்சிஸ்னு கம்பெனி ஆரம்பிச்சு, 1989ல 'சிம்சிட்டி' வெளிய வந்தது. மின் நிலையம் வை, ரோடு போடு, மக்கள் வருவாங்க, வரி வசூல் பண்ணு. முடிவே கிடையாது. போர் அடிச்சா மூடி வை, நாளைக்குத் திற, நீ விட்ட இடத்துலயே ஊர் நிக்கும்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. சிம்சிட்டியில நேரக் கெடு இல்லவே இல்லைன்னு சொன்னா அது தப்பு. எட்டு சவால்கள் கூடவே வந்தது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம், 1944 ஹாம்பர்க் குண்டுவீச்சு, 1957 டோக்கியோவுல ஒரு ராட்சதப் பிராணி, 1965 பெர்ன் நகரப் போக்குவரத்து நெரிசல், 1972 டெட்ராய்ட் குற்றங்கள், இப்படி. எனக்குப் பிடிச்சது 'டல்ஸ்வில்'. அந்த ஊரோட ஒரே பிரச்சினை அது சுவாரசியமே இல்லாத ஊர் என்பதுதான். 30 வருஷத்துக்குள்ள அதை மாநகரமாக்கணும். பெர்ன்னா 10 வருஷத்துக்குள்ள நெரிசலைக் குறைக்கணும்.

ஆக, கெடு இருந்தது. ஆனா அந்த 10 வருஷம் கேமுக்குள்ள ஓடுற வருஷம். நீங்க நிறுத்தினா நிக்கும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டா பெர்ன் நகரமும் சேர்ந்து காத்திருக்கும். கடிகாரம் இருந்துச்சு, ஆனா உங்க வீட்டு மேஜை மேல இருந்துச்சு. இந்த எபிசோடு முழுக்க நான் சொல்ல வர்றது, அந்தக் கடிகாரம் எப்படிப் படிப்படியா வீடு மாறினதுங்கிற கதைதான்.

முதல் படி ஜப்பான்ல. 2001 ஏப்ரல்ல நின்டெண்டோ 64க்கு 'டோபுட்சு நோ மோரி' வந்தது. உலகம் பின்னாடி 'அனிமல் கிராசிங்'னு தெரிஞ்சுக்கிட்ட கேம். நகரம் இல்ல, சின்ன கிராமம். ஆனா அங்க நேரம் நிஜ நேரம். கேட்ரிட்ஜுக்குள்ளயே ஒரு கடிகாரம் வெச்சிருந்தாங்க. வெளிய ராத்திரின்னா உள்ளயும் ராத்திரி. பண்டிகை அன்னைக்கு வந்தாதான் பண்டிகை. இதை நான் குறை சொல்ல மாட்டேன், அழகான யோசனை. ஏன்னா அந்தக் கடிகாரமும் உங்ககிட்டதான் இருந்தது. பண்டிகையைத் தவற விட்டா தேதியை மாத்தி வெச்சுப் போய் ஆடலாம். அதுக்கு 'டைம் டிராவல்'னு பேரே வந்துடுச்சு.

ரெண்டாவது படியிலதான் கடிகாரம் வீட்டை விட்டு வெளிய போனது. 2009 ஜூன், ஃபேஸ்புக்ல ஸிங்கா கம்பெனியோட 'ஃபார்ம்வில்'. ஸ்ட்ராபெர்ரி விதைச்சா 4 மணி நேரத்துல விளையும். நேரத்துக்கு வந்து அறுக்கலைன்னா வாடிடும். நேரத்தைக் கணக்கு வெக்கிறது உங்க கம்ப்யூட்டர் இல்ல, அவங்க சர்வர். நீங்க தேதியை மாத்தினா சர்வருக்குக் கவலையே இல்ல. கூடவே பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் கடையில வந்து மறையிற பொருட்கள். அடுத்த வருஷம் டிசம்பர்ல அதே கம்பெனி 'சிட்டிவில்' விட்டாங்க. ஒன்றரை மாசத்துக்குள்ள மாசத்துக்குப் பத்து கோடி பேர் விளையாடினாங்க. நகரம் கட்டுறது அப்போதான் ஷிஃப்ட் வேலை ஆச்சு.

மூணாவது படிதான் ஈவென்ட். அதுக்கு என்கிட்ட இருக்கிற நல்ல உதாரணம் 'தி சிம்ப்சன்ஸ்: டேப்டு அவுட்'. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2012 பிப்ரவரி கடைசியில ஐபோனுக்கு வெளியிட்டாங்க. சர்வர் கூட்டம் தாங்கல, சில நாள்லயே கடையிலிருந்து எடுத்துட்டு ஆகஸ்ட்ல திரும்பக் கொண்டு வந்தாங்க. கதை எப்படி ஆரம்பிக்குதுன்னு தெரியுமா? ஹோமர் அணு உலையில வேலை நேரத்துல டேப்லெட்ல ஒரு குட்டி கேம் தட்டித் தட்டி ஆடிட்டு இருப்பார். கவனிக்காம விட்டதுல உலை வெடிச்சு ஊரே காலி. அந்த ஊரை நீங்க திரும்பக் கட்டணும், எப்படி? டேப்லெட்ல தட்டித் தட்டி. தன்னையே கிண்டல் பண்ணிக்கிட்டே உங்க பாக்கெட்டுல கை விடுற கேம் அது. எழுதினவங்க கெட்டிக்காரங்க, சந்தேகமே இல்ல.

அதே 2012 ஹாலோவீனுக்கு முதல் ஈவென்ட் வந்தது. அப்புறம் கிறிஸ்துமஸ், காதலர் தினம், ஈஸ்டர். பின்னாடி பண்டிகைன்னு காரணமே தேவைப்படல, சூப்பர் ஹீரோக்கள், ரகசியக் கூட்டம்னு கதைகளா வந்தது. போகப் போக ஒரு வடிவம் செட் ஆச்சு. ஒரு பெரிய ஈவென்ட் மூணு பாகம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி நாணயம், தனிப் பரிசு வரிசை. பாகம் முடிஞ்சா அந்த நாணயம் செல்லாது. ஆளுங்களை 4 மணி நேர வேலைக்கு அனுப்பு, வசூல் பண்ணு, அனுப்பு.

ஏன் 4 மணி நேரம்? வாங்க, ஒரு கணக்கு போடுவோம். எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டது. கடைசிப் பரிசுக்கு 12,000 புள்ளி. ஒரு சுற்றுக்கு 150. அப்போ 80 சுற்று. 14 நாள். ஒரு நாளைக்கு 6 சுற்றுன்னா 84 வருது, நாலு சுற்று மிச்சம். தாராளமா இருக்கே! ஆனா அந்த 6 சுற்றுக்கு நீங்க தூங்கக் கூடாது. காலையில 7, 11, சாயங்காலம் 3, 7, ராத்திரி 11. அதுக்கப்புறம் மனுஷன் தூங்கணும். அப்போ 5 சுற்று, 14 நாளைக்கு 70. பத்து சுற்று குறையுது, 1,500 புள்ளி.

அந்த 1,500 புள்ளிதான் விற்பனைக்கு இருக்கிற சரக்கு. "இது இலவசமாவே கிடைக்கும்"னு சொன்னா பொய் இல்ல. எட்டு மணி நேரம் தூங்குற ஒருத்தரால முடியாதுன்னா அதுவும் உண்மை. ரெண்டு உண்மைக்கும் நடுவுல ஒரு வரியை வரையறாங்க, அந்த வரியில பில் போடுறாங்க. என் ராத்திரி மூணு மணி அலாரம் அந்த வரிக்கு மேல நிக்கத்தான் அடிச்சது.

ஆட்டக்காரங்க சும்மா இருப்பாங்களா? டேப்டு அவுட்ல காசு கொடுத்து வாங்குற நாணயம் டோனட். லெவல் உச்சத்தைத் தொட்டவங்களுக்கு அனுபவப் புள்ளி சேரச் சேர கொஞ்சம் போனஸ் டோனட் கிடைக்கும். கட்டடம் கட்டினா அனுபவப் புள்ளி. அப்போ என்ன பண்ணாங்க? அப்புவோட 'க்விக்-இ-மார்ட்' கடையை வரிசையா கட்டுறது, முடிஞ்சதும் புள்ளியை எடுத்துட்டு வித்துடுறது, திரும்பக் கட்டுறது. ஊருக்கு வெளியில, வயல் மாதிரி, ஒரே கடை நூத்துக்கணக்குல. அதுக்கு விவசாயம்னே பேர் வெச்சாங்க. அழகான ஸ்பிரிங்ஃபீல்டு ஒரு பக்கம், அதுக்குச் சோறு போடுற மளிகைக் கடை வயல் ஒரு பக்கம். பல வருஷம் அந்த வயல்ல இருந்து விளைஞ்ச டோனட்டை வெச்சே ஈவென்ட்டுகளை ஓட்டினவங்க உண்டு. கேம் உருவாக்கினவங்க போட்ட கணக்குக்கு ஆடுறவங்க எழுதின பதில் கணக்கு இது. எனக்கு இதுல ஒரு அற்ப சந்தோஷம்.

இன்னும் ஆழமா வியூகம் பேசணும்னா, ஜெர்மனியின் ஹாம்பர்க்ல இருக்கிற இன்னோகேம்ஸ் கம்பெனியோட 'ஃபோர்ஜ் ஆஃப் எம்பயர்ஸ்' பக்கம் வரணும். இதுவும் 2012ல வந்ததுதான். கற்காலத்துல ஆரம்பிச்சு யுகம் யுகமா நகரத்தை வளர்க்கிற கேம். வருஷம் முழுக்க ஈவென்ட்: கோடை, இலையுதிர், குளிர்காலம், நடுவுல வேற தலைப்புகள். ஈவென்ட்ல பணிகள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். இந்த யுகத்துக் கலாச்சாரக் கட்டடம் ரெண்டு கட்டு. 8 மணி நேர உற்பத்தி அஞ்சு முடி. வரைபடத்துல சில பகுதிகளைப் பிடி. ஒரு தொழில்நுட்பத்தை ஆராய்ச்சி பண்ணி முடி. ஒண்ணை முடிச்சாதான் அடுத்தது.

இப்போ யோசிங்க. நீங்க ஒரு சுறுசுறுப்பான மேயர். இருக்கிற பகுதி எல்லாம் பிடிச்சாச்சு, இடம் முழுக்க கட்டியாச்சு. ஈவென்ட் வருது. "பகுதியைப் பிடி"ங்குது. பிடிக்க எதுவும் இல்ல. "ரெண்டு கட்டடம் கட்டு"ங்குது. காலி இடம் இல்ல, நல்லா இருக்கிறதை இடிக்கணும். சோம்பேறி மேயர் சுலபமா தாண்டிப் போறார்.

அதனால அனுபவசாலிகள் கண்டுபிடிச்ச வியூகம் என்னன்னா, எதையும் முழுசா முடிக்காதே. ஆராய்ச்சியில கடைசி ஒரு புள்ளி மட்டும் பாக்கி வெச்சு நிறுத்து, பணி வரும்போது முடி. போருக்குத் தயாரான பகுதிகளைப் பிடிக்காம விட்டு வை. நகரத்துல ஒரு மூலையை எப்பவும் காலியா வை. அந்த கேம்ல ஃபோர்ஜ் புள்ளி மணிக்கு ஒண்ணு வரும், பல காலம் 10க்கு மேல தொட்டியில நிக்காது. அதனால அதைப் பொட்டலமா சேர்த்து வெச்சுக்கோ. கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் எடுத்து வெக்கிற மாதிரி, ஈவென்ட்டுக்குன்னு ஊரையே பாதி முடிஞ்ச நிலையில வெச்சிருக்கணும்.

1989ல வில் ரைட் கொடுத்த சந்தோஷம், நினைச்ச ஊரை நினைச்ச மாதிரி கட்டி முடிக்கிறது. அதே வகை கேம்ல, கட்டி முடிக்காம இருக்கிறதுதான் திறமைன்னு ஆயிடுச்சு. இதைக் கவனிச்சப்போ எனக்குக் கொஞ்சம் திக்குனு இருந்துச்சு. நகரத்தோட வடிவத்தை இப்போ தீர்மானிக்கிறது மேயர் இல்ல, அடுத்த மாசம் வரப்போற ஒரு பட்டியல்.

கட்டடங்கள் விஷயமும் அப்படித்தான். ஈவென்ட்ல ஜெயிக்கிற கட்டடங்கள் சாதாரண வீடு, பட்டறையை விட ரொம்ப அதிகம் தரும். அதனால பழைய நகரங்களைப் பார்த்தா தெருவுல வீடே இருக்காது, எல்லாமே பரிசுக் கோப்பைகள் மாதிரி நிக்கும். அந்தப் பரிசுக் கட்டடமும் முழுசா கிடைக்காது, மேம்பாட்டுத் துண்டுகளா சேர்க்கணும். கடைசி ரெண்டு துண்டு கிடைக்காம ஈவென்ட் முடிஞ்சா, இடத்தை முழுசா அடைச்சுக்கிட்டு பாதி பலனோட ஒரு கட்டடம் நிக்கும். இடிக்கவும் மனசு வராது. நம்ம ஊர்ல கம்பி நீட்டிக்கிட்டு நிக்கிற மாடி மாதிரி.

போதாததுக்கு அதிர்ஷ்டப் பெட்டிகள். பெட்டி மேல "15 சதவீதம்"னு எழுதியிருக்குன்னு வெச்சுக்குவோம். பத்துப் பெட்டி திறந்தா ஒண்ணாவது கிடைக்கும்னு மனசு சொல்லும். கணக்கு என்ன சொல்லுது? ஒரு பெட்டியில கிடைக்காம போற வாய்ப்பு 0.85. அதைப் பத்து தடவை பெருக்குங்க, கிட்டத்தட்ட 0.2. அதாவது அஞ்சுல ஒருத்தருக்குப் பத்துப் பெட்டியும் வெறும் பெட்டி. லட்சம் பேர் ஆடினா இருபதாயிரம் பேர் வெறுங்கையோட நிப்பாங்க, ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுக்குவாங்க. யாரும் ஏமாத்தல. எழுதின சதவீதம் சரியாத்தான் வேலை செஞ்சது. ஆனாலும் எரிச்சல் வருமா வராதா?

நடுவுல ஒரு வருஷத்தைத் தாண்டி வந்துட்டேன். 2013 மார்ச். புது 'சிம்சிட்டி' வந்தது, மேக்சிஸ் அப்போ எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கையில. முழு விலை கொடுத்து வாங்குற கம்ப்யூட்டர் கேம், ஆனா தனியா ஆடினாலும் இன்டர்நெட் இருந்தே ஆகணும். வெளியான வாரம் சர்வர்கள் திணறின. காசு கொடுத்தவங்க வரிசையில நின்னாங்க. அந்த கேம்ல நேரத்தோட வேகத்துக்கு மூணு பேர்: ஆமை, லாமா, சீட்டா. சர்வர் சுமையைக் குறைக்க கம்பெனி என்ன பண்ணாங்கன்னா, சீட்டாவை எடுத்துட்டாங்க. தற்காலிகமாத்தான். ஆனா அர்த்தத்தைப் பாருங்க. உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல, உங்க ஊர்ல, நேரம் எவ்வளவு வேகமா ஓடலாங்கிறதை வேற ஊர்லேருந்து ஒருத்தர் ஒரு சுவிட்சைத் தட்டி மாத்தினார். ஆஃப்லைன்ல ஓட வைக்கப் பெரிய இன்ஜினியரிங் வேலை தேவைப்படும்னு சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு, 2014 மார்ச்ல, ஆஃப்லைன் வசதி வந்தது. 2014 டிசம்பர்ல வந்த மொபைல் வடிவம் 'சிம்சிட்டி பில்ட்இட்'ல அந்தக் கேள்விக்கே இடம் இல்ல. அங்க வாரா வாரம் மேயர்களுக்குள்ள போட்டி.

சரி, ஒரு பக்கமா பேசிட்டு இருக்கேன்னு உங்கள்ல சிலர் நெனைப்பீங்க. நியாயம். இலவச கேம், சர்வருக்கு வாடகை உண்டு, எழுதுறவங்களுக்குச் சம்பளம் உண்டு. அது ஒண்ணு. இன்னொண்ணு, ஈவென்ட் இல்லைன்னா இந்த கேம்கள் உண்மையிலேயே டல்ஸ்வில்தான். எல்லாம் கட்டி முடிச்ச ஊரை எத்தனை நாள் பார்த்துட்டு இருப்பீங்க? டேப்டு அவுட் ஹாலோவீன் ஈவென்ட் வந்தா ஊரே இருட்டாகி, பேய்கள் நடமாடி, அது ஒரு திருவிழாத்தான். எங்க ரூமுக்குள்ளயே நானும் என் ரூம்மேட்டும், தலையணை எறிஞ்ச அதே ஆள்தான், "மச்சி, உன் ஊர்ல எத்தனை ஆச்சு?"ன்னு கேட்டுக்கிட்டது அந்த வாரங்கள்லதான். திருவிழாவுக்குத் தேதி இருக்கணும், வருஷம் முழுக்க நடந்தா அதுக்குப் பேர் திருவிழா இல்ல. அதெல்லாம் ஒத்துக்கிறேன்.

ஆனா கோயில் திருவிழா முடிஞ்சா ராட்டினத்தைக் கழட்டிட்டு நிஜமாவே போயிடுவாங்க. இங்க "போயிட்டோம்"னு சொல்லிட்டு தெரு முனையில நிக்கிறாங்க. டேப்டு அவுட்லயே பழைய ஈவென்ட் பொருட்கள் பின்னாடி 'இயர்புக்' மர்மப் பெட்டியில திரும்ப வந்தது. தவற விட்டவங்களுக்கு அது நல்ல செய்தி. அன்னைக்கு "இதான் கடைசி"ன்னு நம்பிக் காசு போட்டவங்களுக்கு? ரெண்டு பேர் கோவமும் சரிதான், ஒருத்தர் சந்தோஷம் இன்னொருத்தர் எரிச்சல். ஐரோப்பாவுல 2025 மார்ச்ல நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 'ஸ்டார் ஸ்டேபிள்'னு ஒரு ஸ்வீடன் நாட்டுக் குதிரை கேம் மேல நடவடிக்கை எடுத்தப்போ, குழந்தைகளை நேர நெருக்கடி காட்டி வாங்க வைக்கிறதும் குற்றச்சாட்டுல ஒண்ணு. அரசாங்கங்கள் இதைப் பார்க்க இவ்வளவு காலம் ஆச்சு.

இங்க நானும் ஒண்ணு சொல்லிடணும், இல்லைன்னா இந்த எபிசோடு நேர்மையா இருக்காது. படிப்பு முடிச்சு எனக்குக் கிடைச்ச முதல் வேலை ஒரு ஷாப்பிங் ஆப்ல. சேர்ந்த மூணாவது மாசம் ஒரு டிக்கெட் வந்தது. தள்ளுபடி பக்கத்துல 30 நிமிஷக் கவுண்ட்டவுன் டைமர் இருக்கு. அது பூஜ்யத்துக்கு வந்ததும், ஆள் பக்கத்தை மூடிட்டுத் திரும்ப வந்தா, மறுபடி 30 நிமிஷத்துல இருந்து ஓடணும். தள்ளுபடி அதேதான், விலையும் அதேதான். பத்து வரி கோடு கூட இல்ல. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி எழுதி முடிச்சேன். ரிவ்யூ பண்ண ரெண்டு பேர் சரின்னு சொன்னாங்க, டெஸ்ட் எல்லாம் பச்சை.

அந்த டைமரைப் பார்த்து எத்தனை பேர் லேப் தேர்வுக்குப் போற வழியில பதறினாங்களோ. அன்னைக்கு எனக்கு லைட்ஹவுஸ் ஞாபகம் வரவே இல்ல. அதுதான் இப்போ உறுத்துது. அந்த வேலையை ஒரு வில்லன் செய்யல. டிபன் பாக்ஸைத் திறக்கிற அவசரத்துல இருந்த ஒரு சின்னப் பையன் செஞ்சான்.

கடைசியா டேப்டு அவுட் என்ன ஆச்சுன்னு சொல்றேன். 2024 செப்டம்பர் கடைசியில மூடப் போறோம்னு அறிவிப்பு வந்தது. காசு கொடுத்து வாங்குறதை உடனே நிறுத்தினாங்க. அக்டோபர் 31, ஹாலோவீன் அன்னைக்கே, ஆப் கடைகள்லேருந்து எடுத்தாங்க. ஏற்கனவே வெச்சிருந்தவங்களுக்கு 2025 ஜனவரி 24 வரைக்கும் நேரம். அதுக்கப்புறம் சர்வர் இல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல ராத்திரியும் பகலும் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை தட்டித் தட்டிச் சேர்த்த ஸ்பிரிங்ஃபீல்டுகள், மளிகைக் கடை வயல்கள், 2012 ஹாலோவீன் சாமான்கள், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கவுண்ட்டவுன். அந்த டைமர் மட்டும் திரும்ப ஆரம்பிக்கல. ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31ஓட போச்சு, சிட்டிவில் அதுக்கும் முன்னாடியே 2015ல. என் லைட்ஹவுஸ் இருந்த கேமும் இப்போ இல்ல. திறந்தா "இணைக்க முடியவில்லை"ன்னு மட்டும் வருது, நான் இன்னும் அன்இன்ஸ்டால் பண்ணல.

1989 சிம்சிட்டி? அது இருக்கு. 2008 ஜனவரியில அதோட மூல நிரலை 'மைக்ரோபோலிஸ்'ங்கிற பேர்ல, யார் வேணா எடுத்துக்கலாங்கிற உரிமத்தோட வெளியிட்டாங்க. சிம்சிட்டிங்கிற பேர் வணிகப் பேர், அதைக் கொடுக்கல. மைக்ரோபோலிஸ்னுதான் வில் ரைட் முதல்ல வெச்சிருந்த பேர்.

போன ஞாயித்துக்கிழமை இந்த எபிசோடுக்காக அதை லேப்டாப்ல ஓட்டிப் பார்த்தேன். பெர்ன், 1965. ரோட்டை இடிச்சு ரயில் தண்டவாளம் போடணும், இல்லைன்னா நெரிசல் குறையாது. கெடு பத்து வருஷம். 1969 வரைக்கும் வந்தேன், காசு தீர்ந்துடுச்சு, நெரிசல் அப்படியே இருக்கு, தோக்கத்தான் போறேன். அதுக்குள்ள அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. நிறுத்தி வெச்சிருக்கேன். இன்னும் 1969தான் அங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். உங்க ஊர்ல பாதியில நிக்கிற கட்டடம் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க.